மாலைப் பொழுதும் திரும்பும் வழியும்

சென்னைக்கு வருகின்ற வெளியூர் உறவினருக்குப் பகல் வேளையில் நம்முடைய துணை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மருத்துவமனை, கல்லூரி, அரசாங்க அலுவலகம், திருமண மண்டபம் என்று ஏதேனும் ஒன்று அவர்களை அழைத்து வந்திருக்கும். பகல் முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டுவிடும். மாலை ஐந்தரை மணிக்கு அவர்கள் நம் வீட்டுக் கூடத்தில் வந்து அமரும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. வந்தவர்கள் ஒரு தந்தையும் 15 வயது மகனுமாகவோ, ஒரு தாயும் அந்த வயது மகளுமாகவோ இருந்துவிட்டால் சிக்கல் இரு மடங்காகிறது. பெரியவர் செய்தித்தாளைப் புரட்டுகிறார். இளையவர் கைப்பேசியைப் பார்க்கிறார். "மாலையில் எங்கே போகலாம்?" என்று பெரியவர் நம்மைக் கேட்கிறார். இளையவர் கேட்பதில்லை. எங்கே அழைத்துப் போனாலும் தமக்கு அங்கே வேலையில்லை என்பது அவருடைய முடிவு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் பகுதிகளில் வாழ்பவர்கள் இக்கேள்விக்கு விடை சொல்லும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். "எங்கள் பகுதியிலிருந்து பட்டணம் தொலைவு. எதைப் பார்க்க வேண்டுமென்றாலும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் ஆகும்" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொல்வோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். உறவினர் ஒருவர் தம் மகனுடன் என் வீட்டில் தங்கிச் சென்ற மூன்று மாலைப் பொழுதுகள் என் எண்ணத்தை மாற்றின. அதைப் பற்றித்தான் இன்று நேயர்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் இந்த ஊர்களைப் பற்றிச் சில சொற்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது. அந்தத் தடம் இந்த மேற்குப் பகுதியின் வழியாகவே போடப்பட்டது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற குறிக்கோளைத் தீர்மானமாக நிறைவேற்றிற்று. 1961 இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பெற்று, 1965 இல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1964 இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, தெற்காசியாவின் பெரிய சிறுதொழிற்பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்தது. 2011 இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2019 இல் ஆவடி தனி மாநகராட்சி ஆயிற்று. ஆகவே இவை விடியற்காலையில் எழுந்து சோற்றுப் பாத்திரத்துடன் வேலைக்குப் போகிறவர்களின் ஊர்கள். உல்லாசப் பயணிகள் இவற்றைத் தேடி வருவதில்லை. நான் சொல்லவிருக்கும் நிகழ்ச்சியில் இந்தச் செய்திக்கு ஓர் இடம் உண்டு.

என் உறவினர் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியர். கண் மருத்துவரிடம் காட்டிக்கொள்வதற்காக வந்திருந்தார். மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, முடிவை எதிர்பார்த்திருந்தான். மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு.

முதல் நாள் மாலை ஆசிரியரே திட்டம் வகுத்தார். இருவரும் ரயில் ஏறிச் சென்ட்ரலுக்குப் போனார்கள். வழிநெடுக அவர் விளக்கிக்கொண்டே சென்றார். சென்ட்ரல் நிலையம் 1873 இல் திறக்கப்பட்டது. மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை 1913 ஆம் ஆண்டுக் கட்டடம். புறநகர் ரயில்கள் புறப்படும் இடத்தில் முன்னாளில் மூர் மார்க்கெட் இருந்தது. 1985 இல் அது தீக்கிரையாயிற்று. அவர் சொன்னவை அனைத்தும் உண்மை. உயர்நீதிமன்றத்துக்கு முன்னே நின்றும் சொன்னார். கோட்டைக்கு எதிரே நின்றும் சொன்னார். மகன் முதலில் தலையசைத்தான். பிறகு தலையசைப்பதையும் நிறுத்திவிட்டான். இரவு வீடு திரும்பியதும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் பற்றில்லை" என்று ஆசிரியர் என்னிடம் வருந்தினார். பையன் மொட்டை மாடிக்குப் போய்த் தனியே உட்கார்ந்துகொண்டான்.

அவர்கள் அன்று கடந்து சென்ற கட்டடங்களுள் விக்டோரியா பொது மண்டபமும் ஒன்று. 1891 இல் பல்லாரியிலிருந்து வந்த நாடகக் குழு ஒன்று அங்கே நாடகங்கள் நடத்தியது. அவற்றைக் கண்டவர்களுள் 18 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். அதுவரை தமிழ் நாடகத்தின்மேல் அவருக்கு மதிப்பு இருந்ததில்லை. அந்த மாலைகள் அவர் மனத்தைத் திருப்பின. அதே ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர்தாம் பம்மல் சம்பந்த முதலியார். வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிக்கொண்டே, தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதித் தமிழ் மேடையின் நிலையை உயர்த்தினார். மாலை நேரத்துப் பொழுதுபோக்கு ஒரு மனிதரின் வாழ்நாள் பணியாகிவிட்டது. எந்த மாலை அப்படிப்பட்ட மாலை என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இளம் உள்ளம் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். நாம் ஊட்ட முயன்றால் வாயை மூடிக்கொள்ளும். அருகில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டால் கை நீட்டும்.

இரண்டாம் நாள் மாலை பட்டணத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. சீர்திருத்தப்பட்டு, 2019 முதல் நடைபாதையுடன் மக்கள் உலாவும் இடமாக விளங்குகிறது. அங்கே சிறிது நேரம் நடந்துவிட்டுத் திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போகலாம் என்றேன். ஆசிரியரிடம் மட்டும் தனியாக ஒரு வேண்டுகோள் விடுத்தேன். "மகன் கேட்கும்வரை நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு மாலைதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். வகுப்பறையில் முப்பது ஆண்டு பேசிப் பழகியவருக்கு அது எளிய காரியம் அன்று. எனினும் ஒப்புக்கொண்டார்.

ஏரிக்கரையில் இருவரும் பேசாமல் நடந்தார்கள். நீர்ப்பறவைகள் இறங்கின, பையன் நின்று பார்த்தான், தந்தையும் நின்று பார்த்தார். பிறகு மாசிலாமணீசுவரர் கோயிலுக்குச் சென்றார்கள். அது சுந்தரரால் பாடப்பெற்ற தலம். மற்றக் கோயில்களில் நந்தி இறைவனை நோக்கி அமர்ந்திருக்கும். இங்கே முதுகைக் காட்டி வெளியே பார்த்திருக்கிறது. பையன் அதைக் கண்டுவிட்டான். "அப்பா, நந்தி ஏன் திரும்பி இருக்கிறது?" என்று கேட்டான். இரண்டு நாளில் அவன் கேட்ட முதல் கேள்வி அதுவே.

ஆசிரியர் கதையைச் சொன்னார். குறும்பரோடு போரிட வந்த தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றது. மன்னன் வாளால் கொடியை வெட்டினான். வாள் புதரில் மறைந்திருந்த சிவலிங்கத்தின்மேல் பட்டுக் குருதி பெருகிற்று. தன் பிழைக்கு வருந்தி உயிரைவிட முனைந்த மன்னனை இறைவன் தடுத்து, போரில் துணை நிற்குமாறு நந்தியை அனுப்பினார். அதனால்தான் நந்தி புறப்பட ஆயத்தமாக வெளியே நோக்கி இருக்கிறது என்பது தல வரலாறு. வெட்டுண்ட திருமேனிக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு இட்டிருப்பார்கள். சித்திரைச் சதயத்தில் அதைக் களைவார்கள். கருவறைக்கு முன்னே நிற்கும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களையும் பையன் வியந்து பார்த்தான். கேளாதபோது சொன்ன நூறு செய்திகள் முதல் நாள் காற்றோடு போயின. கேட்டபின் சொன்ன ஒரு கதை நின்றது.

மூன்றாம் நாள் மாலை எங்கே போவது என்பதை மகனே தீர்மானிக்கட்டும் என்று விட்டோம். அவன் கடற்கரை என்றான். ஆசிரியருக்கு ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போக ஆசை, அதை அடக்கிக்கொண்டார். சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் இறங்கி நடந்தார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை அங்கே இருக்கிறது. 1959 இல் திறந்துவைக்கப்பட்டது. நால்வர் பெரும்பாறை ஒன்றை உந்தித் தள்ளும் அந்தச் சிலையைப் பையன் நெடுநேரம் பார்த்தானாம். 1923 இல் சிங்காரவேலர் மே தினத்தை இந்நாட்டில் முதன்முதலாகக் கொண்டாடியதும் இந்நகரின் கடற்கரையில்தான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். ஆயினும் அவர் சொல்லவில்லை; முதல் நாள் பாடம் அவருக்கு நினைவிருந்தது. சுண்டல் வாங்கிக்கொண்டு இருவரும் மணலில் அமர்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பத்துச் சொற்கள்கூடப் பேசியிருக்க மாட்டோம் என்று பின்னர் ஆசிரியர் என்னிடம் சொன்னார்.

திரும்பும்போது மூர் மார்க்கெட் வளாகத்தில் ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறினார்கள். ரயில் அங்கிருந்தே புறப்படுவதால், அப்படிச் செய்தால் உட்கார இடம் கிடைக்கும். பேசின் பிரிட்ஜ், பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர் கடந்து பட்டரவாக்கத்தில் ரயில் நின்றது. அது தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள நிலையம். வேலை முடிந்த தொழிலாளர்கள் ஏறினார்கள். ஒருவர் கையில் எண்ணெய்க் கறை. மற்றொருவர் தோளில் பை. தங்களுக்குள் ஏதோ இயந்திரத்தின் பழுதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பையன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பாமல், சன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "அப்பா, நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? நான் பதினொன்றாம் வகுப்பில் சேர விரும்பவில்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்து இயந்திரத் தொழில் படிக்க வேண்டும்."

தந்தை அவனை மருத்துவராக்க எண்ணியிருந்தார். ஊரில் பலரிடமும் சொல்லியும் இருந்தார். பையன் இச்செய்தியை ஆறு மாதமாக மனத்தில் வைத்திருந்தான். வீட்டில் சொல்ல முயன்றபோதெல்லாம் எதிரே தந்தை ஆசிரியராக நின்றார். ரயிலில் இருவரும் ஒரே பலகையில், ஒரே திசையை நோக்கி அமர்ந்திருந்தார்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை. எழுந்து போகவும் இடமில்லை, நேரமும் இருந்தது. சொல்வதற்குக் கடினமான சொல் வெளியே வர இவை மூன்றும் போதுமானவையாக இருந்தன.

நேயர்களே, இங்கேதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. பொழுதுபோக்கின் பயன் பார்க்கும் பொருளில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி திரும்பும் வழியில் இருக்கிறது. கடற்கரைக்கு அருகில் குடியிருப்பவர் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வார். அம்பத்தூரிலும் ஆவடியிலும் தங்கியிருப்பவருக்கோ ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டியிருக்கிறது. நாம் குறையென்று மன்னிப்புக் கேட்ட தொலைவு அன்று வரமாயிற்று.

பக்கத்தில் அமர்ந்து ஒன்றையே நோக்குவதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 1930 இல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மக்கள் மாலையில் அங்கே கூடி, ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்டார்கள். தந்தை கேட்டதையே மகனும் கேட்டான். வீடு திரும்பும்போது பேசுவதற்கு இருவருக்கும் பொதுவாக ஒரு பொருள் இருந்தது. இன்று தந்தை காதில் ஒரு பாட்டும் மகன் காதில் வேறொரு பாட்டும் ஒலிக்கின்றன. இதற்காகக் கைப்பேசியை வைது பயனில்லை. "நீ கேட்கிற பாட்டை நானும் கேட்கலாமா?" என்று ஒரு தந்தை கேட்டால் அதுவே நல்ல தொடக்கமாகும்.

இத்தகைய விருந்தினருக்குச் சில நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன்.

தாயும் மகனும் வந்தால் பெண்கள் பெட்டியில் சேர்ந்து ஏற இயலாது. 12 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்கு அங்கே இடமில்லை. தந்தையும் மகளும் வந்தால், மகளைத் தனியே பெண்கள் பெட்டிக்கு அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. கூட்டம் குறைந்த ரயிலாகப் பார்த்துப் பொதுப் பெட்டியிலேயே சேர்ந்து ஏறுங்கள். கடைசி ரயிலின் நேரத்தைப் புறப்படும்போதே தெரிந்துகொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலையை ரசிக்க முடியாது. எழும்பூர் அருங்காட்சியகம் 1851 இல் தோன்றிய சிறந்த நிலையம். ஆனால் மாலைக்குள் மூடிவிடும், வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைப் பகலுக்கு ஒதுக்குங்கள். கோட்டூர்புரத்தில் 2010 இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் அந்தி சாய்ந்த பின்னும் திறந்திருக்கும். படிக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு அதைவிட நல்ல கேளிக்கை இல்லை. மார்கழியில் வந்தால் சபைகளில் பிற்பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது. மேடையில் பாடுபவர் பெரும்பாலும் இளைஞராக இருப்பார்; தன் வயதை ஒட்டிய ஒருவர் பாடுவதைக் காண்பது பிள்ளைக்குத் தனி ஊக்கம்.

பூந்தமல்லியில் தங்கியிருப்பவர்கள் பேருந்தில் கோயம்பேட்டுக்கு வந்து மெட்ரோ ரயில் ஏறலாம். பூந்தமல்லியிலேயே ஒரு மாலையைக் கழிப்பதும் நன்று. அது திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். அவர் இங்கிருந்து மலர் கொண்டு காஞ்சிக்குச் சென்று வரதராசப் பெருமாளுக்குச் சாத்தினார் என்றும், ஆலவட்டம் வீசிப் பணி செய்துகொண்டே பெருமாளோடு உரையாடினார் என்றும் வைணவ மரபு கூறும். கை ஒரு வேலையில் இருக்க, பேச்சு தானே மலர்வது கடவுளிடத்திலும் உண்டு போலும். நம் பிள்ளைகளிடத்தில் அது இருப்பதில் வியப்பில்லை.

பிள்ளை திரைப்படம் பார்க்க வேண்டும் என்று சொன்னால் போங்கள். இடைவேளையில் அதைக் கண்டிக்காதீர்கள். நமக்குப் புரியாத விளையாட்டாக இருந்தால், எப்படி ஆடுவது என்று பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாலையேனும் பிள்ளை ஆசானாகவும் நாம் மாணவராகவும் இருப்பதால் நம் மதிப்புக் குறைந்துவிடாது. பதினைந்து வயதுப் பிள்ளை நம்மோடு உலாவ வருகின்ற ஆண்டுகள் இன்னும் இரண்டோ மூன்றோதான். பிறகு விடுதி, வேலை, வேற்றூர் என்று வாழ்க்கை அழைத்துக்கொண்டுவிடும். அப்போது நாம் சென்னைக்குத் தனியே வருவோம். மாலையில் எங்கே போவது என்று யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை.

அன்று இரவு ரயிலில் ஆசிரியர் மகனுக்கு என்ன விடை சொன்னார் என்று நேயர்கள் அறிய விரும்பலாம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. "எந்த இயந்திரத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாய்?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பையன் சொல்லத் தொடங்கினான். அம்பத்தூர் வந்தது தெரியவில்லை. திருமுல்லைவாயில் கடந்தது, இறங்க வேண்டிய நிலையத்தையும் தாண்டிவிட்டார்கள். ஆவடியில் இறங்கி மறு ரயில் பிடித்து வீடு வந்து சேர இரவு பத்தரை மணி ஆயிற்று. சோறு ஆறிப் போயிருந்தது. இருவரும் கூடத்தில் உட்கார்ந்து உண்டுகொண்டே இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் விளக்கை அணைக்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.